ஏர் அமெரிக்கா: தோற்றது கொள்கையா, கல்லாவா?

கேள்வி: அமெரிக்க லிபரல்கள் 2004இல் 'ஏர் அமெரிக்கா' என்று ஒரு பேச்சு வானொலியைத் தாரை தப்பட்டையோடு தொடங்கி, ஆறே வருடத்தில் மூட்டை கட்டினார்கள். வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவோ முப்பது வருடத்துக்கு மேல் கோலோச்சினார். கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். லிபரல் சரக்கை வாங்க ஆளில்லை என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஏன் மனம் வருவதில்லை?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கம்பெனி திவாலானால் கொள்கை தோற்றது என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால், அதை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. லிம்பாவின் நிகழ்ச்சியை நாடு முழுவதும் விநியோகித்த கம்பெனி கிளியர் சேனல். பிற்பாடு ஐஹார்ட்மீடியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2018 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டபோது தலைமேல் இருந்த கடன் 2,000 கோடி டாலருக்கு மேல். வலதுசாரிப் பேச்சாளர்களைத் தன் நிலையங்களில் வரிசையாக உட்கார வைத்திருந்த க்யூமுலஸ் கம்பெனி, அதற்கு நாலு மாதம் முன்பே, 2017 நவம்பரில், அதே படியேறியது. அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தவர் டிரம்ப். வலதுசாரிப் பேச்சுக்கு அதைவிட நல்ல காலம் வேறென்ன வேண்டும்? 'கேட்பவர்கள் தீர்ப்பு' என்று அன்றைக்கு நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டேன். அவர்கள் மூழ்கியது கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கிக் குவித்ததால்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஐஹார்ட் திவாலான மறுநாளும் லிம்பா அதே நேரத்தில் அதே நிலையங்களில் பேசிக்கொண்டிருந்தார். ஏர் அமெரிக்கா 2010 ஜனவரி 21 அன்று கடையைக் கட்டியபோது நேரடி நிகழ்ச்சிகள் அன்றே நின்றன. ஒரு தரப்புக்கு நிலையங்கள் சொந்தம். கடன்காரன் வந்தாலும் அந்த நிலையங்களை ஓட வைத்தால்தான் அவனுக்குப் பணம் திரும்பும். இன்னொரு தரப்புக்குச் சொந்தமென்று ஒரு கோபுரம்கூடக் கிடையாது.

நம்மூரில் தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கவே அனுமதியில்லை என்பதால், இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது பலருக்குப் பழக்கமில்லாத விஷயம். அமெரிக்காவில் 1949 முதல் ஒரு விதி இருந்தது: சர்ச்சைக்குரிய பொது விஷயத்தைப் பேசும் நிலையம் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும். ரீகன் காலத்தில், 1987இல், அந்த விதி கைவிடப்பட்டது. மறுவருடம் ஆகஸ்டில் லிம்பா நாடு தழுவிய ஒலிபரப்பைத் தொடங்கினார். லிபரல்கள் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், விதி போனதால் வந்த வினை என்று. அது பாதிக் கதைதான்.

மீதிப் பாதி ஏ.எம். (நம்மூர் மீடியம் வேவ்) அலைவரிசைகளின் நிலைமை. பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லாம் எஃப்எம்முக்குப் போய்விட்டார்கள். ஊருக்கு ஊர் ஏ.எம். நிலைய முதலாளிகள் பகல் பொழுதை எதைப் போட்டு நிரப்புவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். லிம்பாவை விநியோகித்தவர்கள் அவர்களிடம் போய்ச் சொன்னது இதுதான்: மூன்று மணி நேர நிகழ்ச்சி, காசு தர வேண்டாம். ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிட விளம்பரம் எங்களுக்கு, மீதி நிமிடங்களை உள்ளூர்க் கார் ஷோரூமுக்கும் மெத்தைக் கடைக்கும் நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள். எந்த முதலாளி வேண்டாம் என்பான்? அவன் டெமாக்ரட்டாக இருந்தாலும் வாங்கிப் போட்டிருப்பான். நிலையங்கள் சுமார் 600 ஆயின. லிம்பா சின்ன வயதிலிருந்தே ரேடியோவில் புரண்டவர். பாட்டுப் போடுகிற டிஸ்க் ஜாக்கியாக வேலை பார்த்தவர். விளம்பரத்தையும் தன் குரலிலேயே, தன் பேச்சின் தொடர்ச்சி மாதிரி வாசிப்பார். எங்கே அரசியல் முடிந்தது, எங்கே ஸ்னாப்பிள் பானம் தொடங்கியது என்று தெரியாது. அதற்குத்தான் 2008இல் எட்டு வருட ஒப்பந்தத்துக்கு 40 கோடி டாலர் கொடுத்தார்கள்.

1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே கம்பெனி நாடு முழுக்க எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் கையில் மட்டும் 1,200 நிலையங்கள் அளவுக்குச் சேர்ந்தன. வேலை முடிந்தது.

ஏர் அமெரிக்காக்காரர்கள் 2004 மார்ச் 31 அன்று மைக்கைத் திறந்தபோது இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் பிடித்தார்கள். முதலில் நட்சத்திரங்கள்: நகைச்சுவை நடிகர்கள் அல் ஃபிராங்கன், ஜனீன் கரொஃபலோ, ராப் பாடகர் சக் டி. பிறகு நியூயார்க்கின் மான்ஹாட்டனில் அலுவலகம், பத்திரிகைகளில் பரபரப்பு. நிலையங்கள்? வாடகைக்கு. பெயர் போன சமையல்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கதை. தனித்தனி நிகழ்ச்சியாக ஒன்றிரண்டை நுழைத்து, ஊன்றி, பிறகு பரவுவது லிம்பா வழி. இவர்களோ நாள் முழுவதற்குமான தொகுப்போடு இறங்கினார்கள். நாலு வருடத்தில் வளர வேண்டியதை அந்த வருட நவம்பர் அதிபர் தேர்தலுக்குள் வளர்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

இரண்டு வாரம்தான் ஆனது. சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அவர்கள் நேரம் வாங்கியிருந்த நிலையங்களின் சொந்தக்காரர், செக் திரும்பிவிட்டது என்று சொல்லி ஒலிபரப்பைப் பிடுங்கினார். இல்லை, கணக்கில் தகராறு இருந்ததால் நாங்களே செக்கை நிறுத்தினோம் என்றது ஏர் அமெரிக்கா. நீதிமன்றம் வரை போனார்கள். எது உண்மையாக இருந்தாலும், நாட்டின் இரண்டாவது, மூன்றாவது பெரிய நகரங்களில் குரல் போய்விட்டது. அடுத்து ஊழியர் சம்பளம் தட்டியது. கையில் 3 கோடி டாலர் இருக்கிறது என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இருந்ததோ அதில் சிறு பங்குதான் என்று அப்போதுதான் தெரிந்தது. மே மாதத் தொடக்கத்தில் தலைவர் எவன் கோஹன் வெளியேறினார்.

மறுவருடம் வெளிவந்தது இதைவிட மோசம். நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சேவை செய்யும் குளோரியா வைஸ் மன்றத்திலிருந்து 8.75 லட்சம் டாலர் இந்த வானொலிக்குக் கைமாறியிருந்தது. அதே கோஹன் அந்த மன்றத்திலும் பொறுப்பில் இருந்தவர். புதிய நிர்வாகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது உண்மை. ஏழைகளுக்காகப் பேசவந்த வானொலி, ஏழைப் பிள்ளைகளின் மன்றத்துப் பணத்தில் முதல் வருடத்தை ஓட்டியது என்ற பேச்சு மட்டும் திரும்பவில்லை.

2004இல் நஷ்டம் 91 லட்சம் டாலர். 2005இல் 1 கோடியே 96 லட்சம். 2006 அக்டோபர் 13 அன்று திவால் மனுக் கொடுக்கும்வரை அந்த வருட நஷ்டம் 1 கோடியே 31 லட்சம். கடன்காரர் பட்டியலில் ஃபிராங்கனே இருந்தார், சுமார் 3.6 லட்சம் டாலர் பாக்கியோடு. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 4 கோடியைக் கொஞ்சம் தாண்டும். லிம்பாவின் ஒரே ஒப்பந்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மறுவருடம் ரியல் எஸ்டேட்காரர் ஸ்டீபன் கிரீன் இந்த நெட்வொர்க்கை 42.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

விளம்பரதாரர்களின் சதி என்று லிபரல்கள் சொல்லும் சமாதானத்தையும் பார்த்துவிடுவோம். நிலையங்களுக்கு நிகழ்ச்சியும் விளம்பரமும் அனுப்பும் ஏபிசி ரேடியோவிலிருந்து ஒரு சுற்றறிக்கை கசிந்தது. ஏர் அமெரிக்கா நிகழ்ச்சிகளுக்கு இடையில் எங்கள் விளம்பரம் வரவே கூடாது என்று கேட்டுக்கொண்ட சுமார் 90 விளம்பரதாரர்களின் பட்டியல் அதில் இருந்தது. வால்மார்ட், மைக்ரோசாஃப்ட், அமெரிக்கக் கடற்படை எல்லாம் உண்டு. மக்களின் வரிப்பணத்தில் விளம்பரம் செய்யும் கடற்படைக்கு ஒரு கட்சிக்காரர்களின் காது மட்டும் ஆகாது என்பது கேட்க நன்றாகவா இருக்கிறது? ஆனால் அந்தச் சுற்றறிக்கை தேதியிடப்பட்டது 2006 அக்டோபரில், திவால் மனு கொடுத்த அதே மாதத்தில். செக் தகராறு நடந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. விளம்பரதாரர் பயம் காயத்தை ஆற விடாமல் செய்திருக்கலாம். காயம் சொந்தக் கையால் வந்தது.

அந்தப் பயம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் இல்லை. 2012இல் கருத்தடைக் காப்பீட்டுக்காகப் பேசிய ஒரு சட்ட மாணவியை லிம்பா கேவலமான வார்த்தையால் ஏசியபோது, பெரிய விளம்பரதாரர்கள் கூட்டமாக ஓடினார்கள். 600 நிலையங்களும் அவற்றின் உள்ளூர் விளம்பரங்களும் இருந்ததால் அவர் தாக்குப்பிடித்தார். வாடகை நிலையக்காரர் என்றால் அந்த மாதமே முடிந்திருக்கும்.

சரி, கேட்க ஆள் இருந்தார்களா? ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் கேபிஓஜே என்ற ஏ.எம். நிலையம் 2004இல் லிபரல் பேச்சுக்கு மாறியதும் ரேட்டிங் கிடுகிடுவென ஏறியது. அதன் சொந்தக்காரர் யார் தெரியுமா? கிளியர் சேனல்தான். முதலாளிக்குக் கொள்கை கிடையாது, நிமிடக் கணக்குதான். அதே முதலாளி 2012 நவம்பரில், ஒபாமா மறுபடி ஜெயித்த அதே வாரத்தில், அந்த நிலையத்தை விளையாட்டு வானொலியாக மாற்றினார். ஊர் லிபரல் ஊர், அந்த வாரம் கொண்டாட்ட வாரம். அதற்கு நடுவில் கடை மூடப்பட்டது. 2007இல் இரண்டு ஆய்வமைப்புகள் ஐந்து பெரிய கம்பெனிகளின் 257 நிலையங்களை எடுத்துப் பார்த்தபோது, வாரநாள் அரசியல் பேச்சில் 91 சதவீதம் வலதுசாரி என்று கண்டன. அமெரிக்க வாக்காளர்கள் 91-க்கு 9 என்று பிரிந்து ஓட்டுப் போட்டதாக எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சராசரி லிபரல் நேயருக்குக் காலையில் காரில் கேட்க ஏற்கெனவே பொது வானொலி என்.பி.ஆர். இருந்தது. இரைச்சல் இல்லை, மெத்தை விளம்பரம் இல்லை. நன்கொடை கேட்டால் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அதை விட்டுவிட்டு மங்கலான ஏ.எம். அலையில் ஒரு நகைச்சுவை நடிகர் ரேடியோ பழகுவதைக் கேட்க எத்தனை பேர் வருவார்கள்? ரேடியோவிலேயே ஊறிய எட் ஷுல்ட்ஸ், ஏர் அமெரிக்காவில் சேராமலே, வடக்கு டகோட்டாவிலிருந்து லிபரல் நிகழ்ச்சி நடத்தி ஊர் ஊராகப் பரவினார். அந்தப் பாடத்தை மான்ஹாட்டன்காரர்கள் படிக்கவில்லை.

ஆனால் சரக்கு விலைபோகவில்லை என்பது மட்டும் நிற்காது. ஏர் அமெரிக்காவின் தொகுப்பாளர் ரேச்சல் மேடோ 2008இல் எம்எஸ்என்பிசி செய்திச் சேனலுக்குப் போய் அந்தச் சேனலின் முதன்மை முகமானார். ஃபிராங்கன் 312 ஓட்டு வித்தியாசத்தில் மினசோட்டாவின் செனட்டர் ஆனார். ஏர் அமெரிக்காவில் வேலை போன தொகுப்பாளர் மார்க் மேரன், அதே அலுவலக ஸ்டூடியோவில் இரவில் கமுக்கமாக நுழைந்து 2009இல் ஒரு பாட்காஸ்ட் பதிவுசெய்யத் தொடங்கினார். 2015இல் ஒபாமா அவர் வீட்டுக் கராஜுக்கே வந்து பேட்டி கொடுத்தார். சரக்கு அதேதான். நிலைய முதலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டாத இடம் கிடைத்ததும் விற்றது.

இப்போது கடைசிக் காட்சி மயாமியில். 2022இல் டெமாக்ரட் பக்கத்து ஆட்கள் தொடங்கிய லத்தீனோ மீடியா நெட்வொர்க், 18 ஸ்பானிஷ் வானொலி நிலையங்களை 6 கோடி டாலருக்கு விலை பேசியது. வாடகைக்கு அல்ல, சொந்தமாக. பணத்தில் ஒரு பகுதி, லிபரல்களுக்குக் கொடை தரும் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ் வட்டத்திலிருந்து வந்தது. கியூபா வம்சாவளி வலதுசாரிகளின் கோட்டையான ரேடியோ மாம்பியும் அந்தப் பதினெட்டில் ஒன்று. அங்கிருந்த வலதுசாரித் தொகுப்பாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு, அமெரிக்கானோ மீடியா என்ற புதிய வலதுசாரி ஸ்பானிஷ் நெட்வொர்க்குக்குத் தாவினார்கள். பெரிய பெயர்கள், பத்திரிகைப் பரபரப்பு, நிலையங்கள் மட்டும் அடுத்தவருடையவை. அடுத்த வருடமே அதற்குப் பணம் தீர்ந்து தள்ளாட்டம் தொடங்கிவிட்டது.