டொமைன் டிசைனர் பெயரில் இருக்கிறது: கடையின் வலைத்தளத்தை மாற்ற முடியுமா?

கேள்வி: சென்னிமலையில் கைத்தறிப் பெட்ஷீட், துண்டு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். நானும் என் தங்கையும் மட்டுமே வேலை பார்க்கிறோம். 2018-ல் தெரிந்தவர் ஒருவர் வலைத்தளம் செய்து கொடுத்தார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். அந்தத் தளம் இப்போது செல்போனில் சரியாகத் திறப்பதில்லை. அதனால் நாமே தளம் கட்டிக்கொள்ள உதவும் புதிய வெப்சைட் பில்டர் சேவை ஒன்றுக்கு மாற முடிவு செய்தேன். அப்போதுதான் எங்கள் டாட் இன் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) அவர் பெயரில் பதிவாகியிருப்பது தெரிந்தது. மாற்றித் தர ரூ.40,000 கேட்கிறார். டிசைன், படங்கள், எழுத்து எல்லாமே தனக்குச் சொந்தம், எடுத்தால் வழக்குப் போடுவேன் என்கிறார். அவருடைய பாஸ்வேர்டு என் தம்பிக்குத் தெரியும். உள்ளே போய் மாற்றிவிடலாமா? இல்லை, பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடலாமா?

- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். அடுத்தவர் கணக்குக்குள் அவர் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக அவர் புகார் கொடுத்தால் 66-வது பிரிவும் சேரும். அதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கு 66-சி தனியாக இருக்கிறது. இன்று நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் நீங்கள் குற்றவாளியாகவும் அவர் புகார்தாரராகவும் மாறிவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: தளத்தின் தோற்றம், அதில் உள்ள படங்களும் எழுத்தும், டொமைன் பெயர். மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. என் பார்வையில் டொமைனுக்காக மட்டும் நீங்கள் போராடினால் போதும்.

தோற்றத்தை விட்டுவிடலாம். பழைய தளமும் ஏதோ ஒரு பில்டரின் டெம்ப்ளேட்டில் (தயார் வடிவமைப்பில்) செய்ததாகத்தான் இருக்கும். அது அந்த நிறுவனத்தின் சொத்து. அவருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் இல்லை. அவரே உட்கார்ந்து எழுதிய கோடு (கணினி நிரல்) இருந்தால் அது அவருடையதுதான். பணம் கொடுத்துவிட்டதாலேயே பதிப்புரிமை கைமாறாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-வது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். புதிய பில்டரில் எப்படியும் பழைய கோடு ஓடாது என்பதால் உங்களுக்கு இதில் நஷ்டம் எதுவுமில்லை.

படங்கள் விஷயத்தில் அவர் சொல்வது தவறு. அதே சட்டத்தின் 17(பி) பிரிவைப் பாருங்கள்: ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். உங்கள் பெட்ஷீட்டுகளை உங்கள் காசில் அவர் படம் பிடித்திருந்தால் அவை உங்கள் படங்கள். தைரியமாகப் புதிய தளத்தில் போடுங்கள். ஆனால் பழைய பில்டர் தந்த அலங்காரப் படங்களையும், அவர் எங்கிருந்தோ இறக்கிப் போட்ட படங்களையும் கொண்டுபோகாதீர்கள். அவற்றின் உரிமம் உங்களுக்கு இருக்கிறது என்று காட்ட முடியாது. எழுத்திலும் இதே கவனம் தேவை. நீங்கள் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தது உங்களுடையது. அவரே சொந்தமாக எழுதியதற்குப் படங்களுக்கான அந்தச் சலுகை கிடையாது, அதைப் புதிதாக எழுதிவிடுங்கள். தறியைப் பற்றியும் நூலைப் பற்றியும் உங்களைவிட நன்றாக அவரால் எழுதியிருக்க முடியாது.

இனி டொமைன். இது கை நழுவினால் ஏழெட்டு வருடமாக வாடிக்கையாளர் வந்துகொண்டிருந்த வழியே அடைபட்டுப்போகும். டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, வணிகக் குறியைப் போன்ற தன்மை அதற்கு உண்டு, பதிவு பெற்ற டிரேட்மார்க் இல்லாவிட்டாலும் பாதுகாப்புக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அந்தப் பெயரில் வியாபாரம் செய்தது யார், பெயர் சம்பாதித்தது யார் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் (சிறுதொழில்) பதிவு, பழைய பில் புத்தகம், கடைப் பலகையின் படம், கூரியர் ரசீது என்று கடையின் பெயர் உள்ள அத்தனையையும் திரட்டுங்கள்.

அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘உங்க டொமைன் ரினியூவல் வந்திருச்சு, பணம் அனுப்புங்க’ என்பது போல ஒரு வரி அதில் இருந்தால், அது உங்களுக்காகப் பதிவு செய்தது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. எதையும் அழிக்காதீர்கள், அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதைத் தயாரிக்கும்போது அந்த போன் தேவைப்படும்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். கடையின் சார்பில், கடையின் பணத்தில் பதிவு செய்த டொமைனை இத்தனை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும், அதுவரை வேறு யாருக்கும் விற்கவோ காலாவதியாக விடவோ கூடாது என்று தெளிவாக எழுத வேண்டும். அதற்கு அவர் மசியவில்லை என்றால் இரண்டு வழிகள். டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தகராறு தீர்வு முறையில் நடுவர் ஒருவர் விசாரித்து, டொமைனை மாற்றித் தர உத்தரவிட முடியும். டாட் காம் பெயருக்கான முறையில், எதிராளி கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். டாட் இன் முறையில் இரண்டில் ஒன்று போதும். அன்று நல்ல எண்ணத்தோடு பதிவு செய்துவிட்டு இன்று பணம் பறிக்கப் பார்ப்பவர் விஷயத்தில் இது பெரிய உதவி. ஆனால் இந்த வழியில் நஷ்ட ஈடு கிடைக்காது. அதுவும் வேண்டும், உடனடித் தடையும் வேண்டும் என்றால் சிவில் வழக்குதான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்லியிருப்பார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு நிச்சயம் ஆட்சேபிக்கும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறோம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். இருந்தாலும் நான் இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவு பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. வருமானச் சான்று தேவையில்லை. ஈரோட்டில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், அவரை அழைத்துச் சமரசம் பேசவும் ஏற்பாடு செய்வார்கள். இப்படிப்பட்ட தகராறுகள் அந்த மேசையிலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

இதற்கிடையில் புதிய தளத்தைக் கட்டத் தொடங்குங்கள். வெப்சைட் பில்டர் மாறுவதற்கு டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. டொமைன் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் சில வரிகளைத் திருத்தினால் போதும். எனவே சமரசத்தில் அவர் இழுத்தடித்தால், முதலில் அந்தத் திருத்தத்தையாவது செய்துகொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் பதிவுகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடை மின்னஞ்சல் நின்றுபோகும். புதிய தளம் ஓடத் தொடங்கும்வரை பழைய பில்டரின் சந்தாவை நிறுத்தாதீர்கள்.

வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் எண் அடங்கிய பட்டியல் அவர் கையிலும் இருக்கிறதே, அதை மறந்துவிட வேண்டாம். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அதன் பார்வையில் அந்தத் தரவுக்குப் பொறுப்பு நீங்கள்தான். அவர் உங்களுக்காக அதைக் கையாண்டவர் மட்டுமே. பட்டியலை முழுதாக வாங்கிக்கொண்டு, தன்னிடம் உள்ள பிரதியை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் பணம் வாங்க உதவும் பேமென்ட் கேட்வேயின் பழைய சாவிகளையும் (ரகசியக் குறியீடுகளையும்) ரத்து செய்துவிட்டுப் புதியவை எடுங்கள்.

கடைசியாக, பணத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். அவருக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தால், அதாவது ஏதாவது வருடம் அவர் கைக்காசில் புதுப்பித்திருந்தால், அதைக் கொடுப்பதுதான் நியாயம். கணக்கு எழுதிக் கேளுங்கள். அதற்கு மேல் கேட்பது பிணைத்தொகை. சட்டப்படி நீங்கள் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனாலும் டொமைன் காலாவதி நெருங்கிவிட்டது, தீபாவளி ஆர்டர் வரும் நேரம் என்றால், கொஞ்சம் பேரம் பேசி முடித்துக்கொள்வதில் தவறில்லை. அப்படிச் செய்தால் உடன்பாட்டை எழுத்தில் போட்டு, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் வந்து சேர்ந்ததைப் பதிவு நிறுவனத்தின் கணக்குக்குள் நீங்களே பார்த்த பிறகு பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற ஒரு வரியும், அவர் செய்த வேலையின் பதிப்புரிமையை உங்களுக்கு நிரந்தரமாக மாற்றித் தருவதாக ஒரு வரியும் அதில் இருக்கட்டும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தைச் சட்டம் ஐந்தாண்டு என்றே கணக்கில் எடுக்கும்.