சக்கரங்களும் ஆராவும்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது? – கேள்வி பதில்

ஐயா, சமஸ்கிருதம் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, உடலில் இருப்பதாக யோக நூல்கள் சொல்லும் சக்கரங்கள் என்ற மையங்களைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். விநாயகர் அகவலில் தொடங்குங்கள். மொத்தம் 72 அடிதான். பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும், பொருள் மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். மூலாதாரக் கனல், இடகலை, பிங்கலை, சுழுமுனை, மூன்று மண்டலம், குண்டலினி, அசபை என்று யோக உடலின் முழு வரைபடமும் அதன் பின்பாதியில் இருக்கிறது. உரையோடு ஒருமுறை படித்து, வரும் கலைச்சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஔவை குறள்: 310 குறள், வீட்டுநெறிப்பால், திருவருட்பால், தன்பால் என்று மூன்று பால். அகவலில் நீங்கள் எழுதி வைத்த சொற்கள் இங்கே விரிந்து வரும்.

மூன்றாவதாகத் திருமந்திரம். முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் படிக்கப் போனால் நடுவில் விட்டுவிடுவீர்கள். மூன்றாம் தந்திரத்தில் (தந்திரம் என்றால் இங்கே நூலின் பெரும்பிரிவு) இயமம் முதல் சமாதி வரையான பகுதியைப் படியுங்கள். பிறகு நேராக ஏழாம் தந்திரத்தின் தொடக்கத்தில் உள்ள ‘ஆறு ஆதாரம்’ பகுதிக்குப் போங்கள் (ஆதாரம் என்றால் இங்கே உடலில் உள்ள சக்கரம்). அங்கே,

நாலும் இருமூன்றும் ஈரைந்தும் ஈராறும்
கோலிமேல் நின்ற குறிகள் பதினாறும்

என்று ஒரு பாட்டு வரும். 4, 6, 10, 12, 16, அடுத்த அடியில் ‘முதலிரண்டும்’ என்று 2. மூலாதாரம் (முதுகெலும்பின் அடி), சுவாதிட்டானம் (அடிவயிறு), மணிபூரகம் (நாபி), அநாகதம் (இதயம்), விசுத்தி (தொண்டை), ஆக்ஞை (புருவ மத்தி) என்ற ஆறையும் தாமரையாகக் கொண்டால் இதழ்களின் எண்ணிக்கை இதுதான். கூட்டினால் 50. வடமொழி நூல்கள் இதழுக்கு ஓர் எழுத்தாக வைக்கும் ஐம்பது எழுத்துகளின் கணக்கும் இதுவே. இந்தப் பாட்டு பிடிபட்டுவிட்டால் ஆறு ஆதாரப் படம் எதைப் பார்த்தாலும் இதழ் எண்ணிக்கை சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

பாட்டு எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எண்ணை நம்பாமல் தந்திரம், பகுதித் தலைப்பு, பாட்டின் முதற்சீர் மூன்றையும் குறித்து வையுங்கள். உரையில் ஜி. வரதராஜன் உரை எளிமையானது. சைவ சித்தாந்தப் பின்னணியோடு வேண்டுமென்றால் சி. அருணைவடிவேல் முதலியார் உரை.

திருமந்திரத்தில் நான்காம் தந்திரத்தில்தான் ‘சக்கரம்’ என்று தலைப்புகள் வருகின்றன என்று அதைப் படித்தேன். கட்டம் போடு, எழுத்தை நிரப்பு என்று போகிறதே? உடம்பில் உள்ள சக்கரம் எங்கே?

அங்கே இல்லை. திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் எல்லாம் வரைந்து வழிபடும் யந்திரங்கள். உடலில் உள்ளவற்றை அந்த நூல் ஆதாரம் என்றே பெரும்பாலும் சொல்கிறது. ஏழாம் தந்திரத்துக்குப் போங்கள். நான்காம் தந்திரம் மந்திர சாத்திரம் பயில்கிறவர்களுக்கானது, பிறகு பார்க்கலாம்.

‘தி சர்ப்பென்ட் பவர்’ வாங்கிப் பாதியில் நிற்கிறது. முன்னுரையையே தாண்ட முடியவில்லை.

முன்னுரையைத் தாண்டிக் குதித்துவிடுங்கள். அந்தப் புத்தகத்தின் உயிர், பின்னால் இருக்கும் ‘ஷட்சக்ர நிரூபணம்’. பூர்ணாநந்தர் 1577-இல் எழுதியது. ‘ஸ்ரீ தத்வ சிந்தாமணி’ என்ற அவருடைய பெரிய நூலின் ஆறாம் பகுதி. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சுலோகங்கள்தான். ஆர்தர் அவலான் என்ற பெயரில் ஜான் உட்ராஃப் அதை மொழிபெயர்த்து 1919-இல் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் சுற்றும் சக்கரப் படங்களுக்குப் பெரும்பாலும் மூலம் இந்தப் புத்தகம்தான்.

படிக்கும் முறை இது. ஒரு நோட்டில் ஆதாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தில் எட்டு வரி: இடம், இதழ் எண்ணிக்கை, இதழின் நிறம், இதழ் எழுத்துகள், பூதம் (நிலம், நீர் போன்ற ஐந்தில் எது), பூத மண்டலத்தின் வடிவமும் நிறமும், பீஜம் (விதை எழுத்து), தெய்வமும் சக்தியும். முதல் வாசிப்பில் சுலோகங்களை மட்டும் படித்து இந்த வரிகளை நிரப்புங்கள். இரண்டாம் வாசிப்பில் காளிசரணரின் உரை. கடைசியில்தான் உட்ராஃபின் முன்னுரை. அது உரையாசிரியர்களின் கருத்து வேறுபாடுகளை அலசுகிறது. மூலம் தெரியாமல் அதைப் படிப்பது வீண் சிரமம்.

அண்ணா, மூலாதாரம் சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வானவில் வரிசையில் படித்தேன். பழைய நூலிலும் இதேதானா?

இல்லை. மேலே சொன்ன நோட்டை நிரப்பும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஷட்சக்ர நிரூபணத்தில் மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேகக் கருமை, விசுத்தி புகைபடிந்த ஊதா, ஆக்ஞை நிலவின் வெண்மை. அநாகதம் பச்சையே அல்ல, செந்நிறம். பலர் குழம்புவது இதழ் நிறத்தையும் பூத நிறத்தையும் ஒன்றாக்குவதால். மூலாதாரத்தில் இதழ் சிவப்பு, உள்ளே நிலத்தின் சதுரம் மஞ்சள். நீருக்கு வெள்ளைப் பிறை, நெருப்புக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்குப் புகைநிற அறுகோணம், ஆகாய வெளிக்கு வெள்ளை வட்டம். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதச் சொன்னது இதனால்தான்.

வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய எழுத்தில் உருவாகி, 1970-களில் பரவலானது. 1927-இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் எழுதிய ‘தி சக்ராஸ்’ நூலில்கூட அந்த வரிசை இல்லை. இதயத்துக்கு அவர் தருவது பொன்னிறம். அதுமட்டுமா? சுவாதிட்டானத்தை எடுத்துவிட்டு மண்ணீரலில் ஒரு மையம் வைக்கிறார். நெற்றிக்கு 2 இதழுக்குப் பதில் 96 என்கிறார். அது அவர் தம் காட்சியாகச் சொல்வது, மரபு நூலின் உரை அல்ல. அப்படியே எடுத்துக்கொண்டு படித்தால் குழப்பம் இல்லை.

மொத்தம் எத்தனை சக்கரம்? ஒருவர் ஏழு என்கிறார், ஒருவர் ஒன்பது.

எந்த நூல் என்பதைப் பொறுத்தது. பௌத்த ஹேவஜ்ர தந்திரத்தில் நான்கு: நாபி, இதயம், தொண்டை, தலை. நாத மரபின் சித்த சித்தாந்த பத்ததியில் ஒன்பது. நாம் இன்று பழகியிருக்கும் ஆறு என்ற அமைப்பு, ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த குப்ஜிகாமத தந்திரத்தின் மரபில் வருகிறது. உச்சந்தலையில் உள்ள சகஸ்ராரம் அந்த ஆறுக்கு மேலே நிற்பது. அதையும் சேர்த்து எண்ணும்போது ஏழாகிறது. ‘உண்மையான எண்ணிக்கை இது, மற்றதெல்லாம் தவறு’ என்று தொடங்கும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். இவை பெரும்பாலும் தியானத்தில் உடலின்மேல் பாவிக்க வேண்டிய அமைப்புகளாகத் தரப்பட்டவை. பயிற்சி வேறானால் அமைப்பும் வேறாகும்.

சௌந்தர்யலஹரியில் ஒன்பதாவது சுலோகத்தில் மணிபூரகத்தில் நீர், சுவாதிட்டானத்தில் நெருப்பு என்று அச்சாகியிருக்கிறது. மாறிப் போய்விட்டதா?

அச்சுப்பிழை இல்லை. 36 முதல் 41 வரை படித்துப் பாருங்கள். ஆக்ஞையிலிருந்து கீழே இறங்கும் அந்த வரிசையில் 39 சுவாதிட்டானத்து நெருப்பு, 40 மணிபூரகத்து மழைமேகம். நூல் முழுக்க ஒரே கணக்குதான். ஷட்சக்ர நிரூபணத்தில் சுவாதிட்டானம் நீர், மணிபூரகம் நெருப்பு. இரண்டு மரபு, இரண்டு கணக்கு. நோட்டில் நூலுக்கு ஒரு பத்தி தனியாகப் போடுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தாதீர்கள்.

இதைப் படிக்கும்போது பதினான்காம் சுலோகத்தையும் விடாதீர்கள். நிலத்துக்கு 56, நீருக்கு 52, நெருப்புக்கு 62, காற்றுக்கு 54, வெளிக்கு 72, மனத்துக்கு 64 கதிர்கள். கூட்டுத்தொகை 360. ஆண்டின் நாள் கணக்கும் உடலின் கணக்கும் ஒன்றாகச் சேரும் இடம் அது. எவ்வளவு அழகான கட்டமைப்பு! தமிழில் வீரை கவிராச பண்டிதரின் சௌந்தரியலகரி இருக்கிறது. செய்யுள் பழகியவர்களுக்கு அதுவே போதும்.

லலிதா சஹஸ்ரநாமம் தினமும் சொல்கிறேன். அதில் சக்கரங்கள் எங்கே வருகின்றன?

இரண்டு இடங்களில். ‘மூலாதாரைக நிலயா’ என்று தொடங்கிக் கிரந்திகள் என்ற முடிச்சுகளைப் பிளந்து மேலே ஏறும் பகுதி ஒன்று. ‘விசுத்தி சக்ர நிலயா’ என்ற 475-ஆம் நாமம் முதல் 534 வரை யோகினிகள் பகுதி இன்னொன்று. இரண்டாவதில் வரிசை விசுத்தியில் தொடங்கி மூலாதாரம் வரை இறங்கி, பிறகு ஆக்ஞை, சகஸ்ராரம் என்று முடியும். முகங்கள், தாது, பிடித்த அன்னம் வரை ஒவ்வொன்றுக்கும் சொல்லப்படும். பாஸ்கரராயர் உரையைத் துணைக்கு வையுங்கள்.

ஸ ரி க ம ப த நி ஏழும் ஏழு சக்கரம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பழைய நூலில் சான்று உண்டா?

பதின்மூன்றாம் நூற்றாண்டு சங்கீத ரத்நாகரத்தின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அதில் சக்கரங்கள் வருகின்றன, ஆனால் பத்து. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு மனநிலை சொல்லி, எந்த இதழில் சீவன் நின்றால் இசைக்கு உகந்தது என்று பேசுகிறார் சார்ங்கதேவர். நாதம் நாபி, இதயம், தொண்டை, தலை, வாய் என்று ஐந்து இடங்களில் வெளிப்படுவதையும் விளக்குகிறார். ஒரு சுரத்துக்கு ஒரு சக்கரம் என்ற நேர்க்கணக்கைவிட இது எவ்வளவோ நுட்பமானது. இசை படிப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி.

ஆரா பற்றி எந்தப் பழைய நூலில் படிக்கலாம்?

உடலைச் சுற்றி நிற அடுக்குகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் என்ற அமைப்பைச் சக்கர நூல்களில் தேடினால் ஏமாற்றம்தான். அது பிரம்மஞான சபை எழுத்துகளில் வளர்ந்தது. லெட்பீட்டரின் ‘மேன் விசிபிள் அண்ட் இன்விசிபிள்’ 1902. அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து எழுதிய ‘தாட் ஃபார்ம்ஸ்’ 1905. நிறப் பட்டியல்களின் வேர் இங்கே. 1911-இல் வால்டர் கில்னர் என்ற லண்டன் மருத்துவர் ‘தி ஹ்யூமன் அட்மாஸ்ஃபியர்’ எழுதினார்; டைசயனின் என்ற சாயம் பூசிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிகிறது என்றார். 1987-இல் பார்பரா பிரென்னனின் ‘ஹேண்ட்ஸ் ஆஃப் லைட்’ ஏழு அடுக்குகளைச் சக்கரங்களோடு இணைத்தது. இந்த ஆண்டு வரிசையில் படித்தால் எந்தக் கருத்து எங்கே சேர்ந்தது என்று கண்ணெதிரே தெரியும்.

தைத்திரீய உபநிடதத்தின் ஐந்து கோசங்களும் (உறைகளும்) ஆராவின் அடுக்குகளும் ஒன்றே என்று எழுதும் புத்தகங்களில் எச்சரிக்கை தேவை. கோசங்கள் ஐந்து, அடுக்குகள் ஏழு. உபநிடதத்தில் நிறமும் இல்லை.

வெள்ளைச் சுவர் முன்னால் ஒருவரை நிறுத்தி நெற்றியை உற்றுப் பார்க்கச் சொல்கிறது ஒரு புத்தகம். பார்த்தேன், நீலப்பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தது. அதுதானா?

அவர் சிவப்பு உடை அணிந்திருந்தாரா? அப்படியானால் அது பின்பிம்பம். முப்பது விநாடிக்கு மேல் ஒரே இடத்தைப் பார்த்தால் கண்ணின் நிற உணர்விகள் சோர்ந்து, எதிர்நிறம் விளிம்பில் தோன்றும். பார்வையை வெறுஞ்சுவருக்கு நகர்த்துங்கள். அந்த ஒளியும் கூடவே நகர்ந்தால் அது உங்கள் கண்ணில் இருப்பது. உடையை மாற்றச் சொல்லியும் பாருங்கள். இந்தப் பயிற்சியைத் தரும் புத்தகம் பின்பிம்பத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

இன்னும் கறாராகச் சோதிக்க: அவர் கதவு நிலைக்குப் பின்னால் நிற்கட்டும், உடல் தெரியாமல், தோள் விளிம்பை ஒட்டி. நாணயம் சுண்டி, தலை விழுந்தால் நிற்க வேண்டும், பூ விழுந்தால் தள்ளிப் போக வேண்டும். ஒளி விளிம்பைத் தாண்டித் தெரிகிறதா என்று இருபது முறை எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து சரியாக வரும். பதினைந்தோ அதற்கு மேலோ வருவது தற்செயலாக நூற்றுக்கு இரண்டு தடவைதான். 1998-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த எமிலி ரோசா என்ற சிறுமியின் சோதனையும் இந்த மாதிரி எளிமையானதுதான்: கையால் ஆற்றல் புலத்தை உணர்வதாகச் சொன்ன 21 பேர், திரைக்கு அப்பால் தங்கள் எந்தக் கைக்கு மேல் அவள் கை இருக்கிறது என்று 280 முறை சொன்னார்கள், சரியானது 44 விழுக்காடு. ஆரா நூல்களை விரும்பிப் படிப்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். பயிற்சி எதுவும் செய்யாமலே விளக்குகளைச் சுற்றித் திடீரென வளையம் தெரிந்து, கண் வலியும் இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கண் அழுத்த நோயாக இருக்கலாம்; தாமதித்தால் பார்வை போகும்.

கிர்லியன் படம் ஆராவுக்கு நிரூபணம் இல்லையா?

இல்லை. உயர் மின்னழுத்தத்தில் பொருளின் விளிம்பில் உண்டாகும் மின்னிறக்கம் அது, நாணயத்துக்கும் வரும். விரலின் ஈரம், அழுத்தும் வலு, மின்னழுத்தம் எது மாறினாலும் படம் மாறும். அதை வைத்து நோய் சொல்கிறவர்களை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஆங்கிலம் நன்றாக வரும், ஆய்வு நோக்கில் படிக்க வேண்டும் என்றால்?

மேலின்சன், சிங்கிள்டன் இருவரின் ‘ரூட்ஸ் ஆஃப் யோகா’, 2017: யோக உடல் பற்றிய அத்தியாயத்தில் மூலப் பகுதிகள் மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். மேற்கத்திய சக்கர அமைப்பின் வரலாற்றுக்குக் கர்ட் லேலண்டின் ‘ரெயின்போ பாடி’, 2016. சக்கரங்களை உளவியலாகப் படிக்க விரும்பினால் முதலில் உளவியலாளர் யுங் 1932-இல் நடத்திய குண்டலினி கருத்தரங்கின் பதிவு, அதற்குப் பிறகு அனோடியா ஜூடித் எழுதியவை. பயம், காமம், அதிகாரம், அன்பு என்று ஒவ்வொன்றையும் ஒரு சக்கரத்தில் வைக்கும் இன்றைய வழக்கத்தின் போக்கு அப்போது புரியும்.

படித்துக்கொண்டே பயிற்சியும் தொடங்கலாமா?

ஆதாரங்களில் மனத்தை வைத்து, இயல்பான மூச்சோடு பத்துப் பதினைந்து நிமிடம் அமைதியாக இருப்பதில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. கும்பகம் (மூச்சை அடக்குவது), பந்தங்கள் (உடலை இறுக்கிப் பூட்டுவது), வேகமான மூச்சு இவற்றைப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. சுவாமி சத்யானந்த சரஸ்வதியின் ‘குண்டலினி தந்த்ரா’ பயிற்சிகளைப் படிப்படியாகத் தருகிறது. அதையும் ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். கோபி கிருஷ்ணா குண்டலினி பற்றி எழுதிய 1967 நூல் அனுபவக் குறிப்பு, பயிற்சிக் கையேடு அல்ல.

தொடர்ந்து தூக்கம் கெட்டால், எண்ணங்கள் கட்டுக்கடங்காமல் ஓடினால், குரல்கள் கேட்டால் ‘குண்டலினி எழுகிறது’ என்று காத்திருக்க வேண்டாம். பயிற்சியை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உடம்பு தேறிய பிறகு புத்தகத்துக்குத் திரும்பலாம்.