மூன்றாம் பாடத்தோடு நின்றுபோகும் ஆன்லைன் தையல் வகுப்பு

கேள்வி: மன்னார்குடியில் என் வீட்டிலேயே 20 வருடமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூர்ப் பெண்கள் கேட்டதால், பிளவுஸ் தைப்பதை 30 வீடியோவாக எடுத்து ஆன்லைன் வகுப்பு தொடங்கினேன். ஒவ்வொன்றும் 45 நிமிடம். முதலில் மிஷினின் பாகங்கள், அடுத்து துணி வகைகள், மூன்றாவது அளவெடுப்பது, அப்புறம்தான் வெட்டுவது என்று வரிசையாக வைத்திருக்கிறேன். 46 பேர் பணம் கட்டினார்கள். மூன்றாம் பாடத்துக்குப் பிறகு ஏழெட்டுப் பேர்தான் பார்க்கிறார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? தனியாக ஆப் போடச் சொல்கிறார்களே, போடலாமா?

பதில்: இப்போதைக்குக் கேமராவும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் பாட வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்று பாடம் முடிய இரண்டே கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை சேர்ந்தவர் கையில் கத்தரிக்கோல் ஏறவே இல்லை. உங்கள் வீட்டுக்கு நேரில் வரும் பெண்ணை இப்படியா உட்கார வைப்பீர்கள்? முதல் நாளே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்கேலைக் கையில் கொடுத்துவிடுவீர்கள். ஆன்லைன் என்றதும் நாம் பாடப்புத்தக வரிசைக்குத் தாவிவிடுகிறோம். 2020 ஊரடங்கில் ஆசிரியர்களுக்கு நான் நடத்திய முதல் வகுப்பிலும் இதே தவறைத்தான் செய்தேன். முதல் வாரம் முழுக்க விளக்கம். இரண்டாம் வாரம் பாதிப் பேர் இல்லை.

வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள். வகுப்பு முடியும் நாளில் அவர் என்ன செய்து காட்ட வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: 'அளவு பிளவுஸைப் பார்த்து, யார் உதவியும் இல்லாமல், 36 அளவுக்கு ஒரு சாதா பிளவுஸ் வெட்டித் தைத்து ஹூக் வைத்து முடிப்பார்.' இதற்கு எது கட்டாயம் வேண்டுமோ அது மட்டும் பாடம். மிஷின் பாகங்களை நூல் கோக்கிற அன்றைக்குச் சொன்னால் போதும். துணி வகைகளை லைனிங் பிளவுஸ் வகுப்புக்கு ஒதுக்குங்கள். முதல் வாரம் செய்தித்தாளில் பின்பாகம். இரண்டாம் வாரம் அதே பின்பாகம் பழைய வேட்டித் துணியில். அப்புறம் முன்பாகம், கை, பட்டி. எட்டு வாரம் தாராளமாகப் போதும்.

இனி, நேரில் தானாக நடந்து, வீடியோவில் காணாமல் போகிற ஒன்றைச் சொல்கிறேன். பின்பாகம் வெட்டத் துணியை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் கழுத்து வருகிற மாதிரி வரைகிறோம். புதிதாகக் கற்கிறவர், மடிப்பை அக்குள் பக்கம் வைத்துவிட்டு, திறந்த ஓரத்தில் கழுத்து வரைவார். சாக்பீஸ் கோடு பார்க்க அப்படியே உங்கள் கோடு மாதிரிதான் இருக்கும். வெட்டி விரித்தால் பின்பாகம் இரண்டு துண்டாக நிற்கும். உங்கள் வீட்டில் என்றால் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன்பே 'நில்லு நில்லு, துணியைத் திருப்பு' என்று சொல்லியிருப்பீர்கள். வீடியோவால் அதைச் சொல்ல முடியாது. துணி வீணான பெண் உங்களுக்குப் போன் செய்து சொல்லவும் மாட்டார். நமக்கு வராது போல என்று நினைத்து மிஷினை மூடி வைத்துவிடுவார்.

இதற்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, போன் வைக்கும் இடம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் வைத்து எடுத்தால் உங்கள் இடது அவருக்கு வலதாகத் தெரியும். அவர் மனதுக்குள் திருப்பிப் பார்த்துத் தடுமாறுவார், மடிப்பு மாறுவதே பாதி இதனால்தான். போனை உங்கள் தலைக்கு மேலே, அலமாரித் தட்டிலோ பரண் ஓரத்திலோ கட்டி, உங்கள் கண் பார்க்கிற திசையிலேயே எடுங்கள். உங்கள் கை அவருடைய கை மாதிரியே தெரிய வேண்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. பின் கேமராவில் எடுங்கள். முன் கேமரா சில போன்களில் படத்தை இடம் வலமாக மாற்றிவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஒவ்வொரு வீடியோவும் ஒரு வேலையில் நிற்க வேண்டும். கோடு வரைந்ததும் 'வெட்டாதீர்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் சரி என்ற பிறகு வெட்டலாம்' என்று சொல்லி வீடியோவை முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் போதும், ஆப் எதற்கு? வந்த போட்டோவைப் பார்த்து அரை நிமிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஒருவர் கை வளைவு ஆழமாகப் போய்விட்டது என்றால் அவர் பெயர் சொல்லி, அவர் கோட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் கட்டிய பணம் இதற்குத்தான். பிளவுஸ் கட்டிங் வீடியோ யூடியூபில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது.

46 பேருக்கு இப்படிப் பார்க்க முடியாதே என்பீர்கள். உண்மை. ஒரு குழுவுக்கு 12 பேர் மட்டும் சேருங்கள். வாரத்துக்கு இரண்டு போட்டோ, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேர வேலை. இனி புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த நேரத்தையும் கணக்கில் வைத்துக் கட்டணம் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

வீடியோ நீளத்துக்கு வருவோம். எடெக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெரும்பாலானவர்கள் ஆறு நிமிடத்தைத் தாண்டிப் பார்க்கவில்லை என்று அது காட்டியது. செலவையும் பாருங்கள். வீடியோ 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 45 நிமிடம் ஓடினால் சுமார் 340 எம்பி டேட்டா போய்விடும். வீட்டுக்கு ஒரே போன், அதிலேயே பிள்ளையின் படிப்பும் என்றால் அது பெரிய அளவு. பழைய வீடியோக்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கை வேலைக்கு ஒரு துண்டு என்று ஐந்தாறு நிமிடமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை மறுபடி படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது. மறுபடி படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆகவே மூன்றாம் வாரம் தொடங்கும்போது, எதையும் பார்க்காமல் பின்பாகத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். தப்பாக வரைந்தாலும் பரவாயில்லை, திருத்தியதும் பதிந்துவிடும்.

கெடு வையுங்கள். 'உங்கள் வசதிப்படி பாருங்கள்' என்று சொன்னால் வீட்டுப் பெண்களுக்கு அந்த வசதி ஒரு நாளும் வராது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புகளே 4, 8, 12 வாரம் என்று ஓடுகின்றன, வாராவாரம் அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி உண்டு. உங்கள் வகுப்புக்கு ஞாயிறு இரவு போதும். நேரலை வாரத்துக்கு ஒரு முறை, 40 நிமிடம், அந்த வாரம் வந்த தவறுகளைக் காட்டித் திருத்த மட்டும். இரவு எட்டு மணி அடுப்படி நேரம். மதியம் சாப்பாடு முடிந்து மூன்று மணி பலருக்கு ஒத்துவரும், சேர்ந்தவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதை நம் ஊர் நாட்காட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும். புரட்டாசி, ஐப்பசியில் நடவு, மழை, கரண்ட் போவது எல்லாம் சேர்ந்து வரும். உங்களுக்கே தீபாவளித் துணி குவிந்திருக்கும். தையில் சம்பா அறுவடை. கதிர் அடித்து, நெல்லைப் போட்டு ஓய்ந்த பிறகு மாசி மத்தியில் தொடங்கினால் சித்திரையில் முடியும், வைகாசி முகூர்த்தங்களுக்கு அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு பிளவுஸ் தைத்துக் காசு பார்த்துவிடுவார்கள். பங்குனியில் பிள்ளைகளின் பரீட்சை குறுக்கே வரும். அந்தச் சமயம் ஒரு வாரம் பாடமில்லாமல் விடுங்கள், பின்தங்கியவர்கள் எட்டிப் பிடிக்கட்டும்.

பணம் கேட்டவருக்கு முழுவதையும் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு மெசேஜ்: 'வகுப்பை மாற்றி அமைக்கிறேன், 12 பேராகக் குழு குழுவாக எடுக்கிறேன், உங்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. சேர விருப்பமுள்ளவர்கள் செய்தித்தாளில் வரைந்த ஒரு பின்பாகத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.' முதலில் போட்டோ அனுப்பும் 12 பேரை வைத்து முதல் குழுவைத் தொடங்குங்கள்.