அருமண்: மணவாளக்குறிச்சியிலேயே பிரித்தால் என்ன?

கேள்வி: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கிறதே, காந்தத்துக்கான அருமண் (rare earth) உலோகத்தை அங்கேயே எடுத்தால் என்ன? (வாசகர், குளச்சல்)

பதில்: மணலைப் பிரிப்பது எளிய பாதிதான். அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமம் மின்சாரத்தைக் கடத்தும். மோனசைட் கடத்தாது, ஆனால் காந்தம் லேசாக இழுக்கும். சிர்கான் என்ற கனிமத்தைக் காந்தமும் இழுக்காது. இந்த வேறுபாடுகளை வைத்தே தரம் பிரிக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். மோனசைட்டில் அருமண் ஆக்சைடு 55-60%, கூடவே கதிரியக்கமுள்ள தோரியத்தின் ஆக்சைடு 8-10%. சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அதிலுள்ள பாஸ்பேட்டைக் கழுவியபின், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அருமண்ணை மட்டும் கரைக்க வேண்டும். அமிலம் கொஞ்சம் கூடினாலும் தோரியமும் சேர்ந்து கரைந்துவிடும். மிஞ்சும் கதிரியக்கப் பொருளைப் பாதுகாப்பாக வைக்கவும் ஏற்பாடு வேண்டும். இந்த வேலை இப்போது ஒடிசாவின் சத்ரபூரில் நடக்கிறது.

இன்னொன்று: நம் மோனசைட்டில் உள்ள அருமண் உலோகங்களில் சீரியமும் லாந்தனமும்தான் அதிகம். காந்தத்துக்கு வேண்டியவற்றில் நியோடிமியம் ஓரளவு உண்டு, டிஸ்ப்ரோசியம் சொற்பமே.