ஜி41 போர்டில் புது 4 ஜிபி ரேம் போட்டால் பீப் சத்தம் மட்டும் வருவது ஏன்?

குளச்சலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள, டிடிஆர்3 வகை ரேம் போடும் மதர்போர்டு, பழைய 2 ஜிபி ரேம் ஓடுகிறது, புது 4 ஜிபி போட்டால் பீப் அடித்து நின்றுவிடுகிறது. ரேம் போச்சு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் ரேமில் இருக்கும் கருப்பு சிப்புகளை எண்ணுங்கள். ஜி41 ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் படிக்கும். 8 ஜிகாபிட் சேர்ந்தால்தான் 1 ஜிபி, அப்படியானால் 4 ஜிபிக்கு இரண்டு பக்கமும் எட்டெட்டாக 16 சிப் வேண்டும். பின்னாளில் வந்த ரேம்கள் பெரும்பாலும் 8 சிப், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். இதைப் போர்டு பாதியாகக் காட்டும், இல்லையென்றால் எழுந்தே வராது. லேபிளில் 2ஆர்×8 (16 சிப் ரகத்தின் குறி) என்று இருக்கிறதா பாருங்கள். 16 சிப் இருந்தும் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்பதைத் தொடவே வேண்டாம், இன்டெல் போர்டில் ஓடாது. நாகர்கோவில் கடையோ ஆன்லைனோ, மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிப் கணக்கு சரியென்றால், கடற்கரை ஊரில் அடுத்த சந்தேகம் உப்புக்காற்று. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, ரேமின் தங்கநிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அழிரப்பர் வேண்டாம், துகள் ஸ்லாட்டில் விழும், பூச்சும் தேயும். பிறகு போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 செல்லை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள், பயாஸ் (கணினியை எழுப்பும் போர்டு மென்பொருள்) பழைய அமைப்பை விட்டுவிடும். புது ரேமைத் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எழுந்து வந்தால் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.