அப்பா இன்ஹேலரைச் சரியாகத்தான் இழுக்கிறாரா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 68 வயது, ஆஸ்துமா. கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் கருவியை மாற்றி, ஆறு மாதமாக ஸ்டீராய்டு கலந்த ஸ்பிரே இன்ஹேலர், காலை 2, இரவு 2 அழுத்து. இளைப்பு குறையவில்லை, குரலும் கம்முகிறது. கேட்டால் ‘சரியாகத்தான் இழுக்கிறேன்’ என்கிறார். வீட்டிலேயே சோதிக்க முடியுமா?”

முடியும். ஆனால் கேட்காதீர்கள், பாருங்கள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. காட்பாடிப் பக்கம் ஒரு பெரியவர் மூன்று மாதம் அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருந்தார். அவரும் ‘சரியாகத்தான்’ என்றார்.

இன்றிரவு மருந்து வேளையில் எதிரே உட்காருங்கள். முடியும்வரை திருத்த வேண்டாம் (மகள்களுக்குச் சிரமம்தான்). குப்பியைக் குலுக்குகிறாரா? மூச்சை நன்றாக வெளியே விட்டபின் உதட்டை இறுக்கிப் பொருத்துகிறாரா? இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்துகிறாரா? உதட்டோரத்திலோ மூக்கிலோ வெண்புகை தெரிந்தால் அந்த மருந்து வீண். பிறகு 10 வினாடி மூச்சை அடக்க வேண்டும்.

என் சந்தேகமெல்லாம் இழுக்கும் வேகத்தின் மேல். முன்பு கேப்ஸ்யூலில் இருந்த தூள் மருந்தை வெடுக்கென்று, பலமாக உறிஞ்ச வேண்டும். ஸ்பிரேக்கு அது நேரெதிர்: மெதுவாக, 4, 5 வினாடி நீள வேண்டும். பழைய வேகத்திலேயே இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே படியும். குரல் கம்முவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு வேளையும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் கூடிவரவில்லையா? ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) கேளுங்கள். அதைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள்; துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

குப்பியையும் பாருங்கள். மருந்து தீர்ந்தபிறகும் வாயு மட்டும் சீறிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. உங்கள் கணக்குப்படி 120 அழுத்துக் குப்பி 30 நாள்தான். வேலூர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் சீட்டோடு இன்ஹேலரையும் கொண்டுபோய், அவர் எதிரிலேயே அப்பாவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். டோஸைக் கூட்டும் பேச்சு அதற்குப் பிறகு. நடுவில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அந்தச் சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.