தீம் அப்டேட்டில் அழியாத குறிப்பு: ஃபில்டர் ஹூக் எங்கே காலை வாருகிறது?

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்தில் எல்லாப் பதிவின் அடியிலும் காப்புரிமைக் குறிப்பு வர, தீமின் சிங்கிள்.பிஹெச்பி கோப்பைத் திருத்தியிருந்தேன். அப்டேட்டில் அழிந்துவிட்டது. ஃபில்டர் ஹூக் (வேர்ட்பிரஸ் காட்டப்போவதை இடையில் வாங்கி மாற்ற உதவும் கொக்கி) போட்டால் குறிப்பு முகப்பிலும் தலைகாட்டுகிறது. பதிவுச் சுருக்கத்தை 20 சொல்லாகக் குறைத்ததும் எடுபடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தீம் கோப்புகளில் இனிக் கைவைக்காதீர்கள். சைல்ட் தீம் (உங்கள் தீமைத் தாயாகக் கொண்டு, அதன் அப்டேட்டில் அழியாமல் தனியே நிற்கும் துணைத் தீம்) ஒன்றை உருவாக்கி, அதன் ஃபங்ஷன்ஸ்.பிஹெச்பி கோப்பில் எழுதுங்கள்.

குறிப்புக்கு உரிய ஹூக் 'தி_கன்டென்ட்'. பதிவின் உள்ளடக்கம் திரைக்குப் போகும் முன் உங்கள் ஃபங்ஷன் கைக்கு வரும். குறிப்பை அதன் கடைசியில் ஒட்டி, ரிட்டர்ன் செய்யவேண்டும், அதாவது திருப்பித் தரவேண்டும். ரிட்டர்ன் விட்டுப்போனால் பதிவே வெறுமையாகிவிடும். ரிட்டர்ன் இல்லாமல் குறிப்பை மட்டும் எக்கோ (நேரடியாக அச்சிடல்) செய்தாலோ பதிவு காணாமல் போய், குறிப்பு மட்டும் நிற்கும்.

முகப்பில் ஏன் வருகிறது? கையால் சுருக்கம் எழுதாத பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் தானே சுருக்கம் தயாரிக்கும்போதும் இதே ஃபில்டர் ஓடுகிறது. நீளமான பதிவில் குறிப்பு வெட்டுப்பட்டுவிடும். குட்டிப் பதிவில் மாட்டிக்கொள்ளும். ஆகவே 'இஸ்_சிங்குலர்' (தனிப் பதிவோ பக்கமோ திறந்திருக்கிறதா), 'இன்_தி_லூப்' (பதிவுகளைக் காட்டும் சுற்றுக்குள் இருக்கிறோமா), 'இஸ்_மெயின்_குவெரி' (அந்தப் பக்கத்தின் முதன்மைத் தேடலா) மூன்றும் உண்மையானால் மட்டும் ஒட்டுங்கள். ரிட்டர்ன் வரி அந்த இஃப் அடைப்புக்கு வெளியே இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: உள்ளே வைத்தால், நிபந்தனை பொருந்தாத இடங்களில் உள்ளடக்கம் காலியாகிவிடும்.

குறிப்புக்குள் ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் குறுங்குறியீடு) இருந்தால் முன்னுரிமை எண்ணை (ஃபில்டர்கள் ஓடும் வரிசை; சிறிய எண் முன்னால் ஓடும்) 10-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஷார்ட்கோடுகளை விரிக்கும் வேலை 11-இல் நடக்கிறது. 20 கொடுத்தால் அது சதுர அடைப்போடு அப்படியே அச்சாகும்.

இனி அந்த 20 சொல். சுருக்கத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் 'எக்ஸர்ப்ட்_லெங்த்' ஹூக்குக்கு இயல்பு மதிப்பு 55 சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அட்டை வடிவ முகப்பில் 55 வழிந்துவிடும். குறைக்க நினைத்தது சரியே. ஆனால் சைல்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு தாய்த் தீமுடையதற்கு முன்பே ஏறுகிறது. இரண்டும் இயல்பான முன்னுரிமை 10-இலேயே மாட்டினால் தாய்த் தீம் பின்னால் ஓடி, தன் எண்ணை வைத்துவிட்டுப் போகும். உங்களுடையதற்கு 999 கொடுங்கள். அப்படியும் மசியவில்லையென்றால் பதிவில் கையால் எழுதிய சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை இந்த ஃபில்டர் தொடாது. தீம் நேரடியாகச் சொற்களை வெட்டும் 'டபிள்யுபி_ட்ரிம்_வேர்ட்ஸ்' ஃபங்ஷனை அழைத்து எண்ணைத் தானே கொடுத்திருந்தாலும் இது எட்டாது.

தாய்த் தீமின் ஃபில்டரையே கழற்றுவதானால் 'ரிமூவ்_ஃபில்டர்' அழைப்பை 'இனிட்' ஆக்‌ஷனுக்குள் (இரண்டு தீமும் ஏறி முடிந்தபின் ஓடும் கட்டம்) வையுங்கள். சைல்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் நேரடியாகக் கழற்றினால், இன்னும் மாட்டாததைக் கழற்றியதாகும். முன்னுரிமை எண்ணும் அச்சாக ஒத்திருக்கவேண்டும்.

தீமில் வேறு எங்கெல்லாம் நுழைய வழி உண்டு என்றறிய, அதன் கோப்புறையில் 'அப்ளை_ஃபில்டர்ஸ்' என்று தேடுங்கள். வேண்டிய பகுதியில் தீமின் ஹூக்கும் இல்லை, வேர்ட்பிரஸின் ஹூக்கும் இல்லை என்றால் மட்டும் அந்த ஒரு டெம்ப்ளேட் கோப்பைச் சைல்ட் தீமுக்குள் நகலெடுத்துத் திருத்துங்கள்.